மாதிரி எண் நாற்பத்தேழு

நாற்பத்தாறு ஓடைகள் வாயைத் திறக்கவில்லை.
நாற்பத்தேழாவது மட்டும்
காரைக்குடி ஆய்வகத்திலிருந்து
சிவப்பு மையில் கோடிட்டுத் திரும்பி வந்தது:
செம்பு, பத்து லட்சத்தில் எண்ணூற்றுப் பத்து.

தலைமை அலுவலகம் மூன்று முறை கூப்பிட்டது.
வெள்ளி?
கொஞ்சம்.
தங்கம்?
இல்லை என்று சொல்ல முடியாத அளவு.
அந்த வாக்கியம் என்னுடையதுதான்.
அதைப் பிடித்துக்கொண்டு
துளைபோடும் எந்திரத்துக்கு வாடகை பேசப் போய்விட்டார்கள்.

ஈயமும் வெள்ளீயமும்
கூடவே வந்திருந்தன, அடுத்த இரண்டு வரிகளில்.
கூப்பிடாத விருந்தாளிகள்.
பார்த்தேன்.
தாளை மடித்தேன்.

பிரான்மலைக்குத் தெற்கே ஒதுங்கிக் கிடக்கும் கரடு அது,
வரைபடத்தில் என் கட்டைவிரல் நகம்.
ஏற ஒரு முழுப் பகல்.
சேவுகன் முன்னால் போய் சூரைமுள்ளை விலக்குவான்,
அது என் முழங்கைக்கென்றே திரும்பி வரும்.
ஓடை மண்ணை அள்ளு, சலி, துணிப்பையில் கட்டு, எண் எழுது.
கருவியின் மூக்கை மண்ணில் வை, பொத்தானை அழுத்து,
முப்பது எண்ணு.

கீழே எண்ணூறு.
ஒரு பர்லாங் மேலே ஆயிரத்து நூறு.
பாறைகள் உருண்டு அடைத்த வளைவில் இரண்டாயிரத்துச் சொச்சம்.
மலை கூப்பிடுகிறது என்று எழுத ஆசைதான்.
மலை கூப்பிடாது. எண் ஏறும், அவ்வளவே.

"மேடம், பச்சை."

பாறையின் இடுப்பில், கையகலத்துக்கு,
மயில்கழுத்துப் பச்சை.
பதினோரு வருடமாகக்
கண்ணாடிப் பெட்டிக்குள் மட்டும் பார்த்த பச்சை.
முழங்கால் தானாக மடங்கியது.
தட்டினேன்.
பச்சை வெறும் தோல்.
உள்ளே கறுப்பும் வெள்ளையுமாய் வரியோடிய பழைய கல்,
என்னை விசாரிக்காதே என்ற முகத்தோடு.

அப்புறம்தான் மூக்கு விழித்தது.
எரிந்த பிளாஸ்டிக்.

பாறை இடுக்கில் கரித்தரை, நாலு செங்கல்.
சாக்கிலிருந்து குடல் போல வழியும் ஒயர்கள்.
உடைத்த டி.வி.க்களின் பச்சைப் பலகைகள்.
கம்பியைக் குச்சியால் புரட்டிக்கொண்டிருந்தவள் ஓடவில்லை.
"பாரஸ்டா?"
இல்லை.
"போலீஸா?"
இல்லைம்மா. செம்பு தேடி வந்தோம்.
சாக்கைக் காலால் பின்னுக்குத் தள்ளிவிட்டுக் கேட்டாள்:
"கிலோ என்ன வெலைக்கு எடுப்பீக?"

பெயர் ராக்கு.
கானாடுகாத்தானில் ஒரு வீடு ஓட்டலாகிறதாம்.
சுவருக்குள் ஓடிய பழைய ஒயர் மட்டும்
நூற்றி இருபது கிலோ, எடைக்கு வாங்கினாள்.
ஊருக்குள் கொளுத்தினால் புகைக்குச் சண்டை.
இங்கே சண்டை போட ஆளில்லை.
பலகைகளை ஆசிட்டில் போடுவது தம்பி வேலை,
இருமல் வந்து படுத்துக் கிடக்கிறான்.
"எழுபது கிலோ கம்பி தேறும்."

மனசுக்குள் கணக்குப் போட்டேன்:
ஐம்பத்தெட்டு சதவீதம்.
அரை சதவீதம் கிடைத்தால்
மலையையே குத்தகைக்கு எடுக்கிறவர்கள் நாங்கள்.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது.
"எத்தனை டன் தேறும்னு ஒரு உத்தேசம் சொல்லுங்க."
சாக்குகளை எண்ணினேன்.
சிக்னல் சரியில்லை என்றேன்.
நாலு கோடும் நிமிர்ந்து நின்றன.

கரித்தரையில் கருவியை வைத்தேன்.
செம்பு திரைக்கு வெளியே ஓடியது.
அடுத்த வரியில் ஈயம்,
இந்த முறை மடிக்கத் தாளில்லை.
இந்த ஓடை எங்கே போய் விழுகிறது என்று கேட்டேன்.
"செவல் கண்மாய்ல. எங்க ஆடெல்லாம் அங்கதான்."
சொன்னேன், எனக்குத் தெரிந்த தமிழில்,
ஈயம் என்ன செய்யும் என்று.
கேட்டாள். குச்சியைக் கீழே வைக்கவில்லை.
"மழை பேஞ்சாத்தானே ஓடும்?"

சேவுகன் பையைக் கட்டிவிட்டு
பேனாவோடு நிற்கிறான்:
இதுக்கு என்ன எழுத?

ஐப்பசிக்கு இன்னும் பன்னிரண்டு நாள்.
கிழக்கே ஒரு விரற்கடை கறுத்திருக்கிறது.